‘பாவனைக்கு உதவாதது’ எண்டு எழுத முதல் தந்தியைப் பாருங்கோ

பழைய பாடசாலை மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் நிற்கிற பியானோக்களைப் பற்றி எங்களில் பலர் ஒரே கதையைத்தான் கேட்டு வளர்ந்திருக்கிறோம். “அது வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். இப்ப வேலை செய்யாது. இனிச் சரிவராது.” சொல்லுறவர் அதிபராக இருப்பார், நிர்வாகக் குழுத் தலைவராக இருப்பார், சிலவேளை சங்கீத ரீச்சராகவே இருப்பார். பியானோ பூட்டியிருக்கும். அதுக்கு மேல ரெண்டு வெற்றிக்கிண்ணம், ஒரு பிளாஸ்ரிக் பூச்சாடி, போன வருச விளையாட்டுப் போட்டியின் பதாகை. பிறகு ஒரு நாள் வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பில் ‘பாவனைக்கு உதவாதது’ என்று ஒரு வரி எழுதப்படும். அதோட கதை முடிஞ்சுது. மரத்தின் விலைக்கு யாரோ ஏற்றிக்கொண்டு போவார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இப்படித் தீர்ப்பெழுதப்படுகிற பியானோக்களில் பலது சாகவில்லை. அவற்றின் பேஸ் தந்திகள்தான் செத்திருக்கின்றன. தந்தி என்பது மாற்றுகிற சாமான். ரயர் தேய்ந்ததுக்காக ஒருத்தரும் காரை உடைச்சு இரும்புக்குப் போடுறதில்லை. அப்ப பியானோவுக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை?

நான் படிக்கிறது கலைப்பீடத்தில். பொறியியல் எனக்குச் சொந்தமான துறை இல்லை. ஆனால் “இனிச் சரிவராது” என்ற சொல்லை ஒருவர் எந்தத் துணிவில் சொல்லுகிறார் என்று கேட்க, கொஞ்சம் விஷயம் தெரிந்தால் போதும். அதை முதலில் பார்ப்போம்.

உள்ளுக்குள்ள என்ன இருக்கு?

சாதாரண பியானோ ஒன்றில் 88 கட்டைகள் இருக்கும். தந்திகள் 220க்கும் 230க்கும் இடையில் வரும். மேல் சுரங்களுக்குக் கட்டைக்கு மூன்று தந்தி, பேஸ் பக்கம் இரண்டு, ஆகக் கீழே ஒன்று. ஒவ்வொரு தந்தியும் ஏறக்குறைய 70, 80 கிலோ இழுவையில் நிற்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 15 தொன்னைத் தாண்டும். அந்த இழுவையைத் தாங்குறதுக்குத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டகம் இருக்கிறது. 1825இல் பொஸ்ரனில் அல்பியஸ் பப்கொக் என்பவர் ஒரே வார்ப்பான இரும்புச் சட்டகத்துக்கு உரிமம் எடுத்தார். அதன் வழிவந்த சட்டகம்தான் உங்கட மண்டபத்துப் பியானோவுக்குள்ளும் இருக்கு. அந்த இரும்பு நூறு வருசத்தில் களைத்துப் போகிற சாமான் இல்லை.

இனித் தந்திக்கு வருவோம். ஒரு தந்தி எந்தச் சுரத்தில் பேசும் என்பதை மூன்று விஷயம் தீர்மானிக்கிறது: நீளம், இழுவை, பாரம். மரேன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1636இலேயே எழுதி வைத்த கணக்கு இது. நடு சி சுரத்தின் தந்தி ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் நீளம் என்று வையுங்கள். அதே தடிப்பு, அதே இழுவையில் ஆகக் கீழ்ச் சுரத்தை எடுக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 6 மீற்றர் நீளத் தந்தி வேண்டும். சுவரோடு நிற்கிற அப்றைற் பியானோவின் உயரமோ 1 மீற்றருக்கும் சொச்சம்தான். சரி, தந்தியைத் தடிப்பாக்கலாமே என்றால், தடிச்ச உருக்குக் கம்பி வளையாது. தந்தியாக ஆடாமல் கோல் மாதிரி ஆடும். சுரம் கெட்டுவிடும்.

ஆகவே ஒரு தந்திரம் செய்தார்கள். நடுவில் மெல்லிய உருக்குக் கம்பி. அதைச் சுற்றி, இடைவெளி இல்லாமல், மெதுவான செம்புக் கம்பிச் சுருள். பாரம் கூடும், ஆனால் வளையும் தன்மை போகாது. வீணை தெரிந்தவர்களுக்கு இது புதுசில்லை. மந்தரம், அனுமந்தரம் தந்திகளும் சுற்றுத் தந்திகள்தானே. கிற்றாரின் தடித்த தந்திகளும் அப்படித்தான்.

இந்தச் சுற்றுத்தான் பேஸ் தந்தியின் பலமும் பலவீனமும். கடற்காற்றும் ஈரமும் தூசியும் உள்ள எங்கட ஊரில் செம்புச் சுற்றுகளுக்கு இடையில் அழுக்குப் படியும், களிம்பு பிடிக்கும், உள்ளே உருக்குக் கறள் கட்டும். அந்தச் சுற்றுகள் ஒன்றோடொன்று உரசி, அதிர்வைத் தின்று தொலைக்கும். முதலில் சாகிறது மேற்சுரங்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கு. பியானோவின் கடைசிக் கட்டையின் அடிப்படை அதிர்வு செக்கனுக்கு 27.5. சின்ன அப்றைற் பியானோவின் ஒலிப்பலகையால் அதைப் பெரிதாக வெளியே தள்ள ஏலாது. எங்கட காது அந்தச் சுரத்தை அடையாளம் பிடிக்கிறது அதன் மேல் எழுகிற மேற்சுரங்களை வைத்துத்தான். அதுகள் செத்தால் சுரமே இல்லை. மரப்பெட்டியில் குத்தின மாதிரி “தொம், தொம்” எண்டு மட்டும் கேட்கும்.

நீங்களே சோதிக்கலாம். நடுவிலும் வலது பக்கமும் அடித்துப் பாருங்கள். சுருதி விலகியிருந்தாலும் சுரம் கேட்கும். இடது பக்கம் போகப் போகத்தான் தொம் சத்தம் வருகிறதென்றால், பியானோ உங்களிடம் சொல்லுகிறது இதுதான்: எனக்கு நோவு தந்தியில.

வைத்தியம் இருக்கு

தொம் தந்திக்கு முதல் வைத்தியம் காசில்லாத வைத்தியம். இழுவையைத் தளர்த்தி, கொழுவியிருக்கிற ஆணியில் இருந்து தந்தியைக் கழற்றி, அதை ஒரு பெரிய வளையமாக்கி, அந்த வளைவைத் தந்தியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உருட்டிக்கொண்டு போகிறது. சுற்றுகள் ஒன்றையொன்று விட்டு விலகி, வருசக்கணக்கான அழுக்குத் தூளாகக் கொட்டும். பிறகு சுற்றின் திசையிலேயே தந்திக்கு ஒரு முறுக்குக் கொடுத்துத் திரும்பக் கொழுவுவார்கள். சுற்றுத் தளர்ந்து “ஙொய்” எண்டு இரைகிற தந்திக்கும் இதே முறுக்குத்தான் மருந்து. எல்லாத் தந்தியும் இதில் எழும்பாது. எழும்புகிற தந்திகள் ஆச்சரியப்படுகிற அளவுக்கு எழும்பும்.

தந்தி அறுந்திருந்தால்? பெரும்பாலும் முறுக்காணிக்குக் கிட்ட, சுற்று இல்லாத வெறுங் கம்பிப் பகுதியில்தான் அறும். அதே தடிப்பில் புதுக் கம்பித் துண்டொன்றை முடிச்சுப் போட்டுப் பொருத்தலாம். அதுக்கென்றே ஒரு முடிச்சு இருக்கு. இழுக்க இழுக்க இறுகும். பழைய தந்தி பழைய சத்தத்தோடேயே திரும்பி வரும். பக்கத்துத் தந்திகளோடு ஒத்துப் போகும். இது புதுத் தந்தி போடுவதைவிடப் பலவேளைகளில் நல்லது. செத்த அயலுக்கு நடுவில் பளபளவென்று ஒரு புதுத் தந்தி போட்டால் அது மட்டும் தனியாகக் கத்தும்.

இரண்டும் சரிவராவிட்டால்தான் மாற்றுவது. பழைய தந்தியைத் தந்தி செய்பவர்களுக்கு அனுப்பினால் அதை அளந்து அதே மாதிரிச் செய்து தருவார்கள். நடுக் கம்பியின் தடிப்பு, சுற்றோடு சேர்ந்த தடிப்பு, சுற்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, முழு நீளம் — தேவையான கணக்கு இவ்வளவுதான். அறுந்த துண்டுகளை எறியாமல் வைத்திருங்கள் என்று சொல்வது இதனால்தான். ஒரு கடித உறையில் போட்டு எந்தக் கட்டையினுடையது என்று மேலே எழுதி வைத்தால் போதும். முழுச் செற்றும் செத்திருந்தால் முழுச் செற்றையும் மாற்றலாம்.

ரெண்டு எச்சரிக்கை. ஒன்று, கறள் எண்டு கண்டவுடன் எண்ணெய் பூசாதேங்கோ, ஸ்பிறே அடியாதேங்கோ. எண்ணெய் சுற்றுகளுக்குள்ள இறங்கினால் அரை உயிரில் இருக்கிற தந்தி முழுசாகச் சாகும். இரண்டு, 80 கிலோ இழுவையில் நிற்கிற உருக்குக் கம்பி அறுந்து பாய்ந்தால் கண் போகும். யூரியூப் பார்த்துவிட்டுக் குறட்டோடு இறங்குகிற வேலை இல்லை இது. சைக்கிள் பிறேக் கம்பி, வேலிக் கம்பி போட்டு ஒப்பேற்றுகிற வேலையும் இல்லை.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேணும். உண்மையிலேயே செத்த பியானோக்களும் இருக்கு. சட்டகம் வெடித்தது, கறையான் ஒலிப்பலகையைத் தின்றது, முறுக்காணிகள் இறங்கியிருக்கிற பலகை பிளந்தது — இப்படிப்பட்டதைக் கட்டிப்பிடித்து அழச் சொல்லவில்லை. ஆணிகள் தளர்ந்தது மட்டும் என்றால் கொஞ்சம் தடித்த ஆணி போடலாம். பேஸ் பக்கக் குதிரையில் வெடிப்பு என்றால் அதையும் திருத்தலாம். நான் கேட்பது இவ்வளவுதான்: எது நோவு, எது சாவு என்று பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டீர்களா?

சாக்குகள்

கேட்கிறதில்லை. ஏன் என்று கேட்டால் வரிசையாகச் சாக்கு வரும்.

முதலாவது, காசில்லை. இதைச் சொல்லுகிற அதே மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள். மின்விசிறியில் ‘இன்னார் நினைவாக’. கதிரையின் முதுகில், தண்ணீர்த் தாங்கியில், கேற்றில், எல்லாவற்றிலும் பேர். எங்கட சமூகத்தில் நன்கொடைக்குப் பஞ்சம் இல்லை. பேர் எழுத இடம் உள்ள சாமானுக்கு மட்டும்தான் நன்கொடை வரும். பேஸ் தந்தியில் யாரின் பேரை எழுதுறது? திருத்த வேலைக்குத் திறப்பு விழா வைக்க ஏலாது, நாடா வெட்ட ஏலாது, படம் எடுத்து முகநூலில் போட ஏலாது. அதனால் திருத்தத்துக்குக் காசு இல்லை. புதுக் கீபோட்டுக்குக் காசு இருக்கு.

எனக்குத் தெரிந்த ஒரு மண்டபத்தில் இதுதான் நடந்தது. பியானோ ரியூன் பண்ணுகிற வயதான ஐயா ஒருவர் வந்து, ஒவ்வொரு கட்டையாக அடித்து, கீழ்ப்பக்கத் தந்திகளை மாற்றினால் போதும், மற்றதெல்லாம் நல்லாயிருக்கு என்று சொன்னார். குழுக் கூடியது. தேநீர் குடித்தது. 61 கட்டைக் கீபோட் ஒன்று வாங்கித் திறந்து வைத்தது. பியானோ மேடைக்குப் பின்னால் போய், பிறகு ஆளே இல்லாமல் போனது.

இதில் உள்ள கணக்கைப் பாருங்கள். 61 கட்டைக் கீபோட்டில் பியானோவின் ஆகக் கீழ் 15 சுரங்களும் கட்டையாக இல்லை. பொத்தான் அழுத்தி இறக்கலாம், அப்போது மேலே உள்ளது போய்விடும். ஆக, கீழ்ச் சுரங்கள் வேலை செய்யவில்லை என்ற குற்றத்துக்காகப் பியானோவை வெளியேற்றி, அந்தக் கீழ்ச் சுரங்களே இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கீபோட் கூடாத சாமான் எண்டு நான் சொல்ல வரேல்லை. அதில் படித்து நல்லாய் வாசிக்கிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். ஆனால் சாதாரண தரத்துக்கு மேலைத்தேய சங்கீதம் எடுக்கிற பிள்ளைக்குப் பாரமான கட்டையில் விரல் பழக ஊரில் ஒரு பியானோகூட இல்லாமல் போகிறது. கொழும்பில் வீட்டிலேயே பியானோ வைத்திருக்கிற பிள்ளைக்கு இதால் ஒரு நட்டமும் இல்லை. பொது மண்டபத்துப் பியானோவை மட்டும் நம்பியிருக்கிற பிள்ளைக்குத்தான் நட்டம். அதோடு, கீபோட்டின் பலகை எரிந்து, பத்து வருசத்தில் அந்த மொடலுக்குப் பாகம் வராமல் போகும்போது என்ன செய்வீர்கள்? திருத்தக்கூடியதை எறிந்துவிட்டுத் திருத்த முடியாததை வாங்குறதுக்குப் பேர் சிக்கனம் இல்லை.

இரண்டாவது சாக்கு, “திருத்தினனாங்கள், திரும்பவும் சுருதி போட்டுது.” இது அறியாமை. புதுத் தந்தி இழுபடும். போட்டுச் சில கிழமைக்குள் சுருதி இறங்கும், திரும்ப ஏற்ற வேண்டும், பிறகும் இறங்கும். முதல் வருசத்தில் சில தடவை ரியூன் பண்ணினால்தான் அது நிலைக்கும். புதுத் தந்தி போட்டு ஒருதரம் ரியூன் பண்ணிவிட்டு, ரெண்டு மாதத்தில் “பாத்தியே, நான் அப்பவே சொன்னனான்” என்கிறவர், செடி நட்டு ஒரு நாள் தண்ணி ஊத்திவிட்டுக் காய் கேட்கிறவர்.

மூன்றாவது, “உது வெள்ளைக்காரன்ர சாமான், எங்கட கலை இல்லை.” இது எங்கட வயதுக்காரரும் சொல்லுகிற சாக்கு என்பதால் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேணும். பியானோ இங்கே காலனித்துவத்தோடும் மிசன் பள்ளிக்கூடங்களோடும் வந்தது உண்மை. யார் தொடலாம், யார் தூர நிற்க வேணும் என்ற அதிகாரமும் அதோடு வந்தது. ஆனால் வயலினும் அங்கிருந்துதான் வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கையில் எடுத்து இருநூறு வருசம் ஆகிறது. இன்றைக்கு வயலின் இல்லாமல் ஒரு கச்சேரி நடக்குமா? ஆர்மோனியம் இல்லாமல் எங்கட இசை நாடகத்தை யோசிக்க ஏலுமா? ஒரு வாத்தியம் யாருடையது என்பதை அது எங்கே செய்யப்பட்டது என்பது தீர்மானிக்காது. அதை யார் வாசிக்கிறார்கள், யார் திருத்துகிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கும். பூட்டி வைத்து உக்க விடுறதால் காலனித்துவம் தோற்காது. அதிகாரம் உள்ளவர்கள் பூட்டி வைத்ததை எல்லாருக்கும் திறந்து விடுறதுதான் தோற்கடிப்பு.

ஆள் இல்லையாம்

கடைசிச் சாக்குத்தான் ஆகப் பெரியது: “திருத்த ஆள் இல்லை.” இதில் பாதி உண்மை. ஆள் ஏன் இல்லாமல் போனது என்ற மற்றப் பாதியை யாரும் சொல்லுறதில்லை.

எங்கட இசை உலகத்தில் வாசிக்கிறவருக்குப் பொன்னாடை. செய்கிறவருக்கும் திருத்துகிறவருக்கும் பின்வாசல். மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி ரி. எம். கிருஷ்ணா 2020இல் ஒரு முழுப் புத்தகமே எழுத வேண்டியிருந்தது. அந்தத் தோலைப் பதப்படுத்தி, கட்டி, நாதத்தை உண்டாக்குகிறவர்களின் பேர் கச்சேரி அழைப்பிதழில் வராது. சாதி எங்கே வேலை செய்கிறது என்பதை அந்த வாத்தியம் நேராகவே காட்டுகிறது. பியானோத் திருத்தத்துக்கு அதே சாதிக் கதை இல்லை. ஆனால் கைவேலையை இரண்டாம் தரமாகப் பார்க்கிற அதே கண் இருக்கு. ரியூன் பண்ண வருகிற ஐயாவுக்குப் பஸ் காசும் ஒரு தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினால், அவரின் பிள்ளை அந்த வேலையைப் பழகுமா? பிறகு இருபது வருசம் கழித்து “ஆள் இல்லை” என்று கவலைப்படுகிற உரிமை யாருக்கு இருக்கு?

அதோடு, “சரிவராது” என்று சொல்லுகிறவர்கள் எந்த ஊரில் நின்று சொல்லுகிறார்கள் என்பதையும் யோசிக்க வேணும். 90களில் பொருளாதாரத் தடைக்குள் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டின ஊர் இது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர். ஜாம் போத்தலில் விளக்குச் செய்து அதன் வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தது எங்கட அம்மா அப்பாக்கள். பிரித்தானியாவில் செய்த ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் யாழ்ப்பாணத்து றோட்டில் இன்றைக்கும் ஓடுது என்றால், அதுகளைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகள் இங்கே இருந்ததால்தான். இறைக்கிற மோட்டருக்குக் கொயில் சுற்றுகிற கடைகளில் போய்ப் பாருங்கள். சுற்றுக்குச் சுற்று இடைவெளி விழாமல் செம்புக் கம்பியை இழுத்துப் பிடிக்கிற விரல்கள் அங்கே இருக்கின்றன. தந்தி சுற்றுகிற இயந்திரமும் அடிப்படையில் சிக்கலானதில்லை. நடுக் கம்பியை இழுத்துப் பிடித்துச் சுழற்றும், செம்பை ஒரு கை விடாமல் ஊட்டும். மோட்டர்க் கம்பியையே எடுத்துச் சுற்றலாம் என்று நான் சொல்லவில்லை. அதில் வார்னிஷ் பூச்சு இருக்கும். தந்திக்கு வேண்டியது பூச்சில்லாத மெதுவான செம்பு. நடுக் கம்பியும் அதுக்கென்றே செய்த உருக்காக இருக்க வேணும். அதுகளை எடுப்பிக்கலாம். கையை எடுப்பிக்க ஏலாது. அந்தக் கை எங்களிடம் இருக்கு.

அப்ப என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். உங்கட பழைய பாடசாலையிலோ, கோயிற்பற்றிலோ, சனசமூக மண்டபத்திலோ ஒரு பியானோ இருந்தால் முதலில் போய்க் கேளுங்கள்: இதைக் கடைசியாக யார் பார்த்தது? என்ன சொன்னார்? எழுத்தில் இருக்கா? ரியூனர் ஒருவரின் எழுத்து அறிக்கை இல்லாமல் எந்தப் பியானோவையும் ‘பாவனைக்கு உதவாதது’ பட்டியலில் போடக்கூடாது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. பழைய மாணவர் சங்கங்களில் இருக்கிறவர்கள் அடுத்த கூட்டத்தில் கீபோட்டுக்குக் கை தூக்க முதல், தந்தி மாற்ற எவ்வளவு என்று ஒரு விலை எடுக்கச் சொல்லுங்கள். விலை எடுத்தால் வருசா வருசம் ரியூன் பண்ணுகிற காசையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். பேர் போட வேணுமென்றால் பியானோவின் பக்கப் பலகையில் தாராளமாய் இடம் இருக்கு, போடட்டும்.

ரியூன் பண்ணுகிற ஐயாமார் இன்னும் இருக்கிறார்கள். வயது போகுது. அவர்களில் ஒருவர் அடுத்த முறை உங்கட ஊருக்கு வரும்போது பக்கத்தில் இருந்து ரோர்ச் பிடியுங்கள். பார்க்கிறதைக் கொப்பியில் எழுதுங்கள், அளவுகளைப் பதியுங்கள். சம்பளத்தை முழுசாகக் கொடுங்கள். எங்கட குழுவில் ரெண்டு மூன்று பேர் இதுக்கு வரத் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கட ஊர்ப் பியானோ ஒன்றைப் பற்றித் தெரிந்தால் எழுதுங்கள். எந்தக் கட்டையில் இருந்து தொம் சத்தம் தொடங்குது என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது. வேலை அங்கேயிருந்துதான் தொடங்க வேணும்.